காகிதக் கப்பலும் ஒவ்வாமைத் தடுப்பூசியும்

நோய்த்தடைகாப்புப் பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எனக்குத் தூசி பட்டாலே மூச்சு வாங்குது. அதுக்குத் தடுப்பூசி இருக்கா? போட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்கக்கூடும். முதல் கேள்விக்கு விடை எளிது. ஒவ்வாமைக்கான ஊசி நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கு விடை தேடியே ஆய்வாளர்கள் மரபணுப் பொறியியலை நாடினார்கள்.

ஒவ்வாமையில் நடப்பது என்ன?

வழக்கமான தடுப்பூசி, "இது பகை, அடையாளம் கண்டுகொள்" என்று உடலுக்குக் கற்பிக்கிறது. ஒவ்வாமைத் தடுப்பூசி கற்பிப்பது இதற்கு நேர்மாறானது: "இது பகையல்ல, விட்டுவிடு."

ஒவ்வாமை உள்ளவரின் உடல், மகரந்தம், தூசி உண்ணி, நிலக்கடலை போன்றவற்றில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கும். இந்த எதிர்ப்பொருள்கள் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் வந்து, அருகருகே உள்ள ஐ.ஜி.ஈ. மூலக்கூறுகளைப் பாலம்போல இணைத்தால் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்களைக் கொட்டிவிடும். தும்மல், தடிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் அதனால் வருபவையே. சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர்.

பழைய ஊசியின் சிக்கல்

1911இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர், புல் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகச் செலுத்தினார். நோயாளிகளின் தாங்கும் திறன் கூடியது. இன்றைய ஒவ்வாமை ஊசிகளின் அடிப்படையும் இதுவே.

ஆனால் எது ஒவ்வாமையைத் தூண்டுகிறதோ அதையே உடலுக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. 1957 முதல் இத்தகைய ஊசிகளால் 26 பேர் இறந்ததாக 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் மட்டுமே ஊசி போட வேண்டும், போட்டபின் நோயாளியைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அங்கே வந்தன. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதும் தெளிவாயிற்று. இந்தக் கவனங்களால் இன்று கடுமையான விளைவுகள் அரிதாகிவிட்டன. என்றாலும் ஊசிக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வது தொடர்கிறது.

கப்பலைப் பிரித்தால்

ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி, அதைக் காகிதக் கப்பலாக மடியுங்கள். ஐ.ஜி.ஈ. பெரும்பாலும் கப்பலின் வடிவத்தைத்தான் அடையாளம் காண்கிறது. உடலைப் பழக்கக்கூடிய டி செல்களோ, துண்டாக்கப்பட்ட புரதத்தின் அமினோ அமில வரிசையை, அதாவது தாளில் உள்ள எழுத்தைப் படிக்கின்றன. இப்போது கப்பலைப் பிரித்துவிடுங்கள். வடிவம் போய்விட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. தூண்டாமல் கற்பிக்கும் புரதத்தை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது.

இதற்கான நுட்பம் புதிதல்ல. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் போடப்படும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் மறுசேர்க்கை டி.என்.ஏ. முறையில் தயாராவதே.

மூன்று சோதனைகள், மூன்று பாடங்கள்

முதலாவது, அமெரிக்காவில் நிலக்கடலை ஒவ்வாமைக்காக உருவான இ.எம்.பி.-123. கடலையின் மூன்று முக்கியப் புரதங்களில் ஐ.ஜி.ஈ. ஒட்டும் இடங்களை மாற்றி, அவற்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் உருவாக்கி, பாக்டீரியாவைக் கொன்று, ஆசனவாய் வழியே செலுத்தினர். இந்த அணுகுமுறை எலிகளில் நல்ல பலன் தந்திருந்தது. ஆனால் 2013இல் வெளியான மனிதச் சோதனை முடிவில், கடலை ஒவ்வாமை உள்ள 10 பேரில் 5 பேர் பக்க விளைவுகளால் பாதியில் நிறுத்த நேர்ந்தது. அவர்களில் இருவருக்கு அனாஃபிலாக்சிஸ். கப்பலின் சில மடிப்புகளைக் கலைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரின் ஐ.ஜி.ஈ.யும் வெவ்வேறு மடிப்புகளை அடையாளம் காணக்கூடும்.

இரண்டாவது, பூனை ஒவ்வாமைக்கான சிறு பெப்டைடு ஊசி. தாளைச் சிறு கீற்றுகளாக வெட்டியது போன்றது இது. கீற்றுகளால் பாலம் அமைக்க முடியாது. ஆகவே நோயாளிகள் நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் 2016இல் பெரிய அளவிலான இறுதிக்கட்டச் சோதனையில், வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு முன்னேற்றம் தெரிந்தது. பாதுகாப்பாக இருந்தது, பயன் நிரூபணமாகவில்லை.

மூன்றாவது, வியன்னா ஆய்வாளர்களின் பி.எம்.-32. புல் மகரந்தப் புரதங்களிலிருந்து தாமாக ஒவ்வாமையைத் தூண்டாத துண்டுகளை எடுத்து, ஹெபடைடிஸ்-பி வைரஸின் ஒரு புரதத்தோடு இணைத்தனர். இதனால் உருவாகும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள்கள், ஐ.ஜி.ஈ. வந்து ஒட்டும் முன்பே மகரந்தப் புரதத்தை மூடிக்கொள்கின்றன. சோதனைகளில் இதைப் பலரும் நன்றாகத் தாங்கிக்கொண்டனர்.

மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றே. வடிவமைப்பு என்பது பாதுகாப்புக்கான எதிர்பார்ப்பு மட்டுமே. மனிதர்களில் படிப்படியாகச் சோதித்து அளந்த பிறகே அது பாதுகாப்பு ஆகிறது. "பொறியியல் செய்யப்பட்டது, அதனால் ஆபத்து" என்பதும் தவறு, "அதனால் ஆபத்தே இல்லை" என்பதும் தவறு. யாருக்கு, எந்த அளவில், எந்தக் கண்காணிப்பில் என்று கேட்கப் பழக்குவதே அறிவியல் வகுப்பின் வேலை.

பள்ளியில் நம் கவனத்துக்கு

* ஒவ்வாமை ஊசி போட்டுக்கொண்டு வரும் மாணவரை அன்று ஓட்டம், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றில் ஈடுபடுத்த வேண்டாம். உடற்கல்வி ஆசிரியருக்கும் தகவல் சொல்லுங்கள்.

* முட்டை, கடலை போன்ற உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெயர்கள் வகுப்பாசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தெரிந்திருக்கட்டும். "கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்று யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. அது மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டியது.

* உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். குழந்தையை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்கார வையுங்கள். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. ஆகவே தாமதம் கூடாது.

* தூசி ஒவ்வாமை, மூச்சிரைப்பு என்பதற்காகப் பள்ளியில் போடும் டி.டி. தடுப்பூசியை மறுக்கத் தேவையில்லை. முன்பு ஏதேனும் தடுப்பூசியால் கடும் எதிர்விளைவு வந்திருந்தால் மட்டும் போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிக்கு நாம் தரும் பதில் இப்படி இருக்கலாம்: "இருக்கும்மா. டாக்டர் பார்த்து, பக்கத்தில் இருந்து போட வேண்டிய ஊசி அது. அதைவிடப் பாதுகாப்பான ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் அது இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை என்று பார்க்கலாமா? ஒரு தாள் கொண்டு வா, கப்பல் செய்வோம்."