டீசலா, பெட்ரோலா? பால் கணக்கு நோட்டில் போட்ட கணக்கு

கார் வாங்குவதெல்லாம் ஆண்கள் சமாசாரம், காபி கலந்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான் என்று நானும் ரொம்ப நாள் இருந்தவள்தான். ஆனால் போடப்போவது என் சீட்டுப் பணம், போதாததற்கு என் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போகும் என்ற பேச்சு வந்தபோது ஒதுங்கி நிற்க மனசு வரவில்லை.

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அதுவரை ஒரு ஸ்கூட்டர்தான். இவர் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர், ஆகவே ஸ்கூட்டர் என் வசம். மாமனாருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் அதில் ஏற முடியவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தோ மாளவில்லை. சின்னவனுக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பு வேறு. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிப் புகைக்கு நடுவே அவனை உட்கார வைத்து ஓட்டிப் போவது எனக்கே பாவமாக இருந்தது. பழைய கார் ஒன்று வாங்கிவிடுவது என்று 2025 ஆவணியில் தீர்மானம் ஆயிற்று.

சேதி தெரிந்ததும் என் அண்ணன் வந்துவிட்டார். "டீசல் வண்டியாப் பாரும்மா. பெட்ரோல் வாங்கினா சம்பாதிக்கிறதை எல்லாம் பங்க்லதான் கொட்டணும்!"

அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பழைய நிஜம். லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் ஓடுவது டீசலில்தானே? அதனால் அதன் விலையை அரசாங்கம் ரொம்ப காலம் பிடித்து வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோலை மட்டும் சந்தை விலைக்கு விட்டார்கள். 2012 வாக்கில் லிட்டருக்கு 25, 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அப்போது டீசல் கார் வாங்கியவர்கள் புத்திசாலிகள்தான். 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போயிற்று. 2024 மார்ச்சில் இரண்டுக்கும் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேல், டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக, வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம்! அண்ணன் மனசில் மட்டும் அந்தப் பழைய முப்பது ரூபாயே நின்றுவிட்டது.

டீசல் வண்டி லிட்டருக்கு அதிக தூரம் போகும் என்பது இன்றைக்கும் உண்மை. அந்த எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். அழுத்தம் கூடுதல் என்பதால் எண்ணெயிலிருந்து கிடைக்கும் சக்தியும் கூடுதல். அதே அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே, அதனால் பாகங்களெல்லாம் கனம். விலையும் அப்படித்தான். இன்ஜெக்டர், டர்போ என்று ஏதாவது ஒன்று போனால் ஒரே நாளில் பல மாத மிச்சம் காலி.

சரி, எங்கள் வீட்டுக்கு எது? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு மாசம் முழுக்க எழுதி வைத்தேன். ஸ்கூட்டரில் போனது, ஆட்டோவில் போனது, எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். திருக்கழுக்குன்றத்தில் அம்மா வீட்டுக்கு ஒரு தரம் போய்வர 70. மாமனாரைச் செங்கல்பட்டு டாக்டரிடம் காட்ட 40. தாம்பரம் இரண்டு தடவை, 52. மற்றதெல்லாம் பள்ளிக்கூடம், பிசியோதெரபி, காய்கறி, நந்திவரம் கோயில் என்று இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து 178. மொத்தம் 340 கிலோமீட்டர். இவருக்கே ஆச்சரியம். "ஆயிரத்தைத் தாண்டும்னு இல்ல நினைச்சேன்!" என்றார்.

பார்த்து வைத்திருந்த இரண்டு வண்டிகளும் 2017 மாடல். பெட்ரோலுக்கு 2,90,000 கேட்டார்கள், டீசலுக்கு 3,50,000. ஊருக்குள் பெட்ரோல் வண்டி 14 கிலோமீட்டர் கொடுக்கும், டீசல் 18 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். மாசத்துக்குப் பெட்ரோல் 2,450 ரூபாய், டீசல் 1,750 ரூபாய். மிச்சம் 700. வருஷத்துக்கு 8,400. கூடக் கொடுக்கும் அறுபதாயிரத்தை எடுக்கவே ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டிக்குப் பதினைந்து வயசாகி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய 2032 வந்துவிடும்!

இதையே செங்கல்பட்டில் இருக்கும் என் நாத்தனார் கணக்காகப் பாருங்கள். அவள் தினமும் மாமல்லபுரம் வரை காரில் வேலைக்குப் போய் வருகிறவள். மாசம் 1,500 கிலோமீட்டர், அதுவும் திறந்த ரோடு. பெட்ரோல் 15, டீசல் 20 என்று வைத்தால் மாசம் மூவாயிரத்துக்கு மேல் மிச்சம். அறுபதாயிரம் இருபது மாசத்துக்குள் திரும்பிவிடும். "எனக்கு டீசல்தான் அண்ணி சரி. உங்களுக்கு எதுக்கு?" என்று அவளே கேட்டாள்.

பணத்தை விட என்னை யோசிக்க வைத்தது எதிர்வீட்டு வண்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. மாருதி அப்போதே டீசல் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. மற்றவர்களின் புது டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வந்தது. சேர்ந்த கரி எரிந்து போக, வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் வேகமாக ஓடிச் சூடேற வேண்டும். எதிர்வீட்டு வண்டியோ ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்குமே போய் வந்தது. விளக்கு எரிந்தது, கவனிக்கவில்லை. கடைசியில் ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய்ச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. நாங்கள் பார்த்த 2017 வண்டியில் அந்த வடிகட்டி இல்லை. அப்படியானால் கரி நேரே வெளியில் வருகிறது என்றுதானே அர்த்தம்? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எங்கள் ஒரு வண்டியால் ஜி.எஸ்.டி. ரோடு சுத்தமாகிவிடாது, தெரியும். இருந்தாலும் இழுப்புள்ள குழந்தை நிற்கும் வாசலில் தினமும் அதை ஸ்டார்ட் செய்ய எனக்கு இஷ்டமில்லை. (பெட்ரோல் புகையும் சாதுவல்ல. மூடிய ஷெட்டுக்குள் எந்த வண்டியையும் ஓடவிட்டு நிற்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.)

பெட்ரோலுக்கும் ஒரு குறை உண்டு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. அதனால்தான் 15 என்று விற்பவர் சொன்னதை நான் 14 என்று போட்டேன். ரப்பர் குழாய்களையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னேன்.

மெக்கானிக் தம்பி சொல்லிக் கொடுத்தவை எனக்கு ரொம்ப உபயோகப்பட்டன. "நாம போறதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிடுங்கக்கா." போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் கோளாறு தெரியாமல் போய்விடுமாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் டீசலில் இன்ஜெக்டர் கோளாறாக இருக்கலாம், எதிலானாலும் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசியலாம். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தாலும் சந்தேகம்தான். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்றின கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும்.

அவன் சொன்ன இன்னொன்று எனக்கு உறைத்தது. "நிறைய ஓட்டுறவங்கதான் டீசல் வாங்குறாங்க. அப்போ பழைய டீசல்னாலே நிறைய ஓடினதுதானேக்கா?" மீட்டரில் 48,000 காட்டிய அந்த டீசல் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. சர்வீஸ் புத்தகம் கேட்டோம், தொலைந்துவிட்டது என்றார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

பெட்ரோல் வண்டிக்குப் புத்தகம் இருந்தது. முன்பு மஞ்சள் போர்டில் ஓடியதா, பாங்க் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.சி.யில் பார்த்துக்கொண்டோம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணம் கைமாறியது. கடன் இருந்திருந்தால் பாங்க் கடிதமும் படிவம் 35-ம் கேட்டிருக்க வேண்டும். இன்ஷூரன்ஸை நம் பேருக்கு மாற்ற 14 நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். இவர் மறந்துவிட்டார், பன்னிரண்டாம் நாள் நான் ஞாபகப்படுத்தினேன்.

இரண்டு வளையலில் ஒன்றைத்தான் அடகு வைத்தோம். மற்றது என் கையிலேயே இருக்கிறது. அண்ணன் வரும்போதெல்லாம், "என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்கத் தவறுவதில்லை. பதின்மூன்றரை என்கிறேன்.