ஏரிக்குக் காவலர் யார்?

இயற்கையைக் காக்கும் சங்கங்கள் நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். பெயர் புதிதாயிருக்கலாம், பணி மிகப் பழையது. நான் வாழும் பீர்க்கன்கரணை, தாம்பரத்தை அடுத்த ஏரிக்கரை ஊர். அவ்வேரியைக் காணுந்தோறும், இதற்குக் காவலர் யார் என்னும் வினா என் உள்ளத்தில் எழும். அதற்கு விடை காண வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பொதுவாக, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே உறுப்பினராகலாம். ஏரியால் வாழ்பவனே ஏரியைக் காப்பான் என்னும் உண்மை இவ்விதியில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

வேடந்தாங்கலும் இதையே உணர்த்துகிறது. அங்கே ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, மதகு வழியே வயலுக்கு உரமாகப் பாய்கிறது. ஆதலின் ஊரார் பறவைகளைப் பேணினர். வேட்டையாட வந்தோரைத் தடுத்தனர். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஏற்றுக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் வழங்கினார். மக்களின் காவல் முன்னே சென்றது. அரசின் ஆணை பின்னே வந்தது.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களிலோ, வயல்கள் வீட்டு மனைகளாயின. பாசனம் நின்றதும் மதகையும் கலங்கலையும் கவனிப்பார் குறைந்தனர். ஏரி இருந்தது, அதனால் வாழ்ந்த உழவர் இல்லை. காவலற்ற பொருளுக்கு நேர்வது ஏரிக்கும் நேர்ந்தது. கழிவுநீர் புகுந்தது, நீர்வழிகள் சுருங்கின. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் பெருமழையில், அடையாற்று வெள்ளம் அருகிலுள்ள முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. நீரின் பாதையை மனிதன் மறக்கலாம், நீர் மறப்பதில்லை.

அறுந்த உறவைப் புதுப்பிப்பதே இன்றைய சங்கங்களின் பணி. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று பங்குனி ஆமைகளைக் காத்து வருகிறது. அவர்கள் இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, காப்பிடத்தில் புதைத்து, வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். இதில் அவர்களுக்கு ஒரு பிடி நெல்லும் கிடைப்பதில்லை! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்காகவும் குடியிருப்போர் பல்லாண்டு குரல் கொடுத்தனர். 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று; 2022-இல் அது உலக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. இங்கும் மக்கள் முன்னர், சட்டம் பின்னர்.

பீர்க்கன்கரணை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. மாநகராட்சிக்குக் கடமை உண்டு. எனினும் ஒவ்வொரு கரையிலும் நாள்தோறும் நிற்க அதனால் இயலுமா? உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகிறது, கலங்கலைத் தாண்டி எங்கே செல்கிறது என்பதை முதலில் அறியுங்கள். வரும் பறவைகளையும் கொட்டப்படும் குப்பையையும் நாளிட்டுக் குறித்து வையுங்கள். நால்வராகச் சேர்ந்து அதிகாரிகளிடம் கூறுங்கள். வயலில்லாத நமக்கும் கிணற்று நீரும் வெள்ளமில்லா வீடும் ஏரி தரும் விளைச்சலே. அதை உணர்ந்தவரே இனி ஏரி வாரியத்தார்.