இறக்கிய சீட்டும் இருக்கும் கணக்கும்

எங்க ஊர்ப்பக்கம் கல்யாண வீடு என்றால் பந்தி ஆரம்பிக்கும் முன்னாடியே பந்தல் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து ரம்மி ஆரம்பமாகிவிடும். எங்க பெரியப்பா உட்கார்ந்தால் பெரும்பாலும் ஜெயிப்பார். கைராசிக்காரர் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது நம்ம கணக்குப் புத்தகத்தில் வரும் நிகழ்தகவு. அந்தப் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது.

இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. நம்ம கையில் 13, வெட்டு ஜோக்கர் 1, திறந்த சீட்டு 1 போக, நம் கண்ணுக்குத் தெரியாதது 91. கையில் ஆட்டின் 5, 6 இருக்கிறது என்று வையுங்கள். 4 வந்தாலும் ரம்மி, 7 வந்தாலும் ரம்மி. கட்டுக்கு ஒன்றாக ஆக 4 சீட்டு உதவும். அதுவே 5, 7 என்று நடுவில் ஓட்டை விழுந்தால் 6 மட்டும்தான், 2 சீட்டு. பத்துத் தடவை மூடிய சீட்டை எடுத்தால் முதல் கைக்கு வாய்ப்பு 38 சதவீதம், ஓட்டைக் கைக்கு 21. ஆட்டின் 6 இரண்டும் கீழே விழுந்துவிட்டால் அதுவும் பூஜ்யம். இது தெரியாமல் கடைசி வரை 5, 7-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம்!

"அவன் மூஞ்சியைப் பாக்காதடா, அவன் எடுக்கிற சீட்டைப் பாரு" என்பார் பெரியப்பா. எதிராளி இஸ்பேட் 9-ஐ எடுத்தால் இஸ்பேட் 7, 8, 10, ஜாக்கி, மற்ற 9-கள் எதையும் அவனுக்கு இறக்கக்கூடாது. அவன் டைமன் ராணியை இறக்கினால் டைமன் ராஜா ஓரளவு பத்திரம். ஓரளவுதான். சில பேர் தூண்டில் போடவே ஒரு சீட்டை இறக்குவார்கள்.

ஸ்கூட் விடுவதும் கணக்குதான். 101 ஆட்டத்தில் முதல் ஸ்கூட்டுக்கு 20 பாயிண்ட். மோசமான கையை வைத்து ஆடித் தோற்றால் சராசரி 40 ஏறும், ஜெயித்தால் 0 என்று வைத்தால், பாதிக் கைகளையாவது ஜெயித்தால்தான் ஸ்கூட்டுக்குச் சமம். ஜோக்கரும் இல்லாமல் ஒரு ஜோடியும் சேராமல் வந்த கை பாதி தடவை ஜெயிக்குமா? நாமோ ரோஷத்தில் ஆடுவோம்.

விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பது, எதை வைத்து எதை இறக்குவது என்ற சாமர்த்தியம், இந்த இரண்டையும் சொல்லித்தான் 1967-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி இல்லை, பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் அப்படித்தான் பார்த்தது.

ஆனால் எங்கள் விடுதி நண்பன் ஒருவன் போன் ரம்மியில் செமஸ்டர் ஃபீஸை விட்டான். நல்லா ஆடுகிறவன்தான். அவன் விட்ட கணக்கு ஒன்று உண்டு, கமிஷன். நாலு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி, நடத்துகிறவர் 10 சதவீதம் எடுத்தால் ஜெயித்தவனுக்கு 360. சமமான நாலு பேரில் ஒருவன் நாலு ஆட்டத்துக்கு ஒன்று ஜெயிப்பான். 400 கட்டி 360 வாங்குவான். கொஞ்சம் திறமை கூட இருந்தாலும் அந்த 40-ஐத் தாண்டினால்தான் ஒரு ரூபாய் பார்க்கலாம். அந்த 1967 தீர்ப்பிலேயே, ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை போட்டது.

பெரியப்பா ஜமுக்காளத்தில் கமிஷன் கிடையாது. பந்தயம் கடலைமிட்டாய். போன தையில் என்னிடம் அரைக் கிலோ தோற்றார்.