பரம்பரைப் புற்றுநோய்: பரிசோதனை உண்டு, பாதுகாப்புச் சட்டம் இல்லை

புது தில்லி: பெருங்குடல் புற்றுநோய்க்கு உணவும் பழக்கவழக்கங்களும் மட்டுமே காரணம் அல்ல. இந்நோய்க்கு ஆளாவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு, பெற்றோர் வழியாக வரும் மரபணுக் குறைபாடே அடிப்படையாக உள்ளது. 'லிஞ்ச் நோய்க்குறி' எனப்படும் இக்குறைபாட்டை ரத்தப் பரிசோதனை மூலம் முன்கூட்டியே கண்டறிய முடியும். ஆனால், அவ்வாறு கண்டறியப்படுவோரின் உரிமைகளைக் காக்க இந்தியாவில் இதுவரை தனிச் சட்டம் இல்லை.

உடலின் செல்கள் பிரியும்போது டி.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழைகளைத் திருத்தும் பணியில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய மரபணுக்கள் முக்கியமானவை. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும், பிழைகள் சேர்ந்து புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. பெற்றோரில் ஒருவருக்குக் குறைபாடு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

எனினும், குறைபாடு உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்து, கட்டிகளைத் தொடக்கத்திலேயே அகற்றினால் அபாயம் வெகுவாகக் குறையும்.

இங்குதான் அரசின் திட்டங்களில் இடைவெளி தெரிகிறது. மத்திய அரசு 2016-ல் வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கானது. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. எனவே, நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் நலமாக இருக்கும்போது செய்துகொள்ள வேண்டிய மரபணுப் பரிசோதனை இவ்விரண்டிலும் அடங்கவில்லை.

காப்பீட்டுத் துறையில் ஓரளவு முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. மரபணுக் கோளாறுகளை ஒட்டுமொத்தமாக விலக்கும் மருத்துவக் காப்பீட்டு விதி, சமத்துவத்தை உறுதி செய்யும் அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சென்றது. இதனிடையே, மரபணு நோய்களை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் நெறிமுறை வெளியிட்டது.

ஆனால், வேலைவாய்ப்பில் மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க, அமெரிக்கா 2008-ல் இயற்றியது போன்ற சட்டம் இங்கு இல்லை. பரிசோதனை முடிவு தமக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் இருக்கும் வரை, உயிர்காக்கும் பரிசோதனைக்கு மக்கள் துணிந்து முன்வருவது கடினம். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உரியது.