எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறதா?

"ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா காலையில ஆறுக்குத்தான் எழுந்திருக்கேன். ஆனா நேத்து சிக்னல்ல ஸ்கூட்டர் மேலேயே கண் அசந்துட்டேன். பின்னால பொண்ணு உட்கார்ந்திருந்தா. சுறுசுறுப்புக்கு ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்!" என்றார் அந்த அன்பர்.

அவர் மனைவியைப் பார்த்தேன். "குறட்டை தெருவுக்கே கேட்கும். நடுவுல திடீர்னு மூச்சே நின்னுடும். எனக்கு பக்குனு இருக்கும்" என்றார்.

லேகியம் தரவில்லை. தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஏன் தெரியுமா?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அவை சரிந்து மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். 10 விநாடி, அதற்கு மேலும்கூட மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பிவிடும். காலையில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 30 தடவை இப்படி நேர்ந்தால் கடுமையான நோய். எட்டு மணி நேரத்தில் 240 தடவை! பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும்?

அடக்கக் கூடாத 14 வேகங்களில் தூக்கத்தையும் சுவாசத்தையும் சேர்த்திருக்கிறது சித்த மருத்துவம். இந்த நோயில் இரண்டுமே தடைபடுகின்றன.

உடம்பு பருமனா? எடையைக் குறையுங்கள். ஒருக்களித்துப் படுங்கள். மதுவும், நீங்களாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. கடுமையானவர்களுக்கு, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் 'சிபாப்' கருவி கைகொடுக்கும். குணம் தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. பக்கத்தில் படுப்பவரை இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்!