வீடு யார் பெயரில்?

தோட்டத்து லயத்து வீடு, வேலை உள்ள வரையில்தான் நமக்கு நிழல் தருகிறது. பணி ஓய்வு பெறும் நாளிலோ, தோட்டம் கைமாறும் நாளிலோ, அந்த நிழல் நம்முடையதன்று என்பது தெரிந்துவிடுகிறது. இன்று பெருநகரமாக விளங்கும் ஷா ஆலம் முன்னாளில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது; பெட்டாலிங் ஜெயா எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் தவித்த காலத்தில்தான், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு தமக்கென ஒரு வீடு தேடும் தொழிலாளர்கள், பணத்தைக் கொடுக்குமுன் சட்டம் என்ன கூறுகிறது என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மகளின் திருமணத்திற்குச் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்கு வரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கடைவீதியில் தேநீர் அருந்தும்போது ஒருவர் அணுகி, “அண்ணே, கிள்ளானில் நல்ல வீடு ஒன்று இருக்கிறது. ஐயாயிரம் வெள்ளி முன்பணம் கொடுங்கள், சாவியை இன்றே வாங்கிக்கொள்ளலாம்” என்கிறார். வெள்ளைத் தாளில் ஒரு பற்றுச்சீட்டு எழுதப்படுகிறது. இருவர் சாட்சிக் கையெழுத்து இடுகின்றனர். சாவியும் கைக்கு வருகிறது. வீடு அவருக்குச் சொந்தமாகிவிட்டதா?

இல்லை. நம் நாட்டில் நிலத்தின் உரிமையை நிலைநாட்டுவது பதிவேடு ஆகும். 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம், 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையைத் தழுவியது. அதன்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். உரிமை மாற்றத்திற்குரிய 14ஏ பாரத்தில் இரு தரப்பாரும் முறைப்படி ஒப்பமிட்டு, முத்திரைத் தீர்வை செலுத்தி, அது பதிவு செய்யப்பட்ட பின்னரே பெயர் மாறும். அந்த வெள்ளைத் தாள், கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்காட உதவலாம். அது கிராண்ட் ஆகிவிடாது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், பதிவகத்தில் கட்டணம் செலுத்தி அந்த நிலத்தின் பதிவு விவரங்களைத் தேடிப் பெறுதல் வேண்டும். எங்கே செல்வது என்பதில் பலர் தடுமாறுகின்றனர். மஸ்ஜித் இந்தியாவும் பிரிக்ஃபீல்ட்ஸும் கோலாலம்பூருக்குள் அடங்கியவை. கோலாலம்பூர் 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசமானது. ஆதலால் இங்குள்ள வீடுகளுக்குக் கூட்டரசுப் பிரதேச நில, கனிமவள அலுவலகத்தை நாட வேண்டும். கிள்ளான் வீடு சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் பதிவு கிள்ளான் மாவட்ட நில அலுவலகத்திலோ, ஷா ஆலத்திலுள்ள மாநிலப் பதிவகத்திலோ இருக்கும்.

அந்தத் தாளில் உரிமையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையவைதாமா என்று முதலில் பார்க்க வேண்டும். வங்கியின் அடமானம் உள்ளதா, எவரேனும் கேவியட் எனப்படும் தடை மனு பதிந்துள்ளனரா, நிலம் நிரந்தர உரிமையா அல்லது குத்தகையா, குத்தகையாயின் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்பனவும் அதில் தெரியும். மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கலாகாது என்ற நிபந்தனை சில நிலங்களுக்கு உண்டு. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதார் வாங்க இயலாது. மஸ்ஜித் இந்தியாவுக்கு மிக அருகில் உள்ள கம்போங் பாரு, 1900-ஆம் ஆண்டில் மலாய் விவசாயக் குடியிருப்பாக அமைக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்க. அடுக்குமாடி வீடாயின் பராமரிப்புக் கட்டண நிலுவை பற்றி நிர்வாகக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம்.

ஒப்பந்தம் செய்துகொண்ட நாளுக்கும் பெயர் மாறும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கழியும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் உள்ளது. அதற்குள் விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கும் விற்க முயலலாம். இதைத் தடுக்க, வாங்குபவரின் வழக்கறிஞர் பதிவகத்தில் தனியார் கேவியட் பதிவு செய்வார். அது ஆறு ஆண்டுகள் வரை நிலைக்கும். அது உள்ளவரை வேறு உரிமை மாற்றம் பதிவாகாது. சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்த எண்ணி வழக்கறிஞரைத் தவிர்ப்பவர்கள் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான். விற்பவரின் வழக்கறிஞரே நமக்கும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும் சரியன்று.

பதிவேட்டில் பெயர் சரியாக இருந்தும் ஏமாறுவது உண்டா? உண்டு. பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் ஒருவர் உரிமையாளரைப் போல் நடித்து, 1989-இல் நிலத்தை ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். உண்மையான உரிமையாளர் தாய்லாந்தில் இருந்தார். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நிலம் வாங்கிய நிறுவனத்திற்கே என்று தீர்ப்பளித்தது. 2010 ஜனவரியில், குவாந்தான் நிலம் பற்றிய வேறொரு வழக்கில், முன்னைய தீர்ப்பு தவறானது என்று அதே நீதிமன்றம் கூறியது. அதன் விளைவு யாதெனில், போலி ஆவணத்தைக் கொண்டு விற்பவரிடமிருந்து நேரே வாங்கியவர், தாம் குற்றமற்றவராயினும், அந்நிலத்தை இழக்க நேரிடும். ஆகவே விற்பவரை நேரில் கண்டு, அசல் அடையாள அட்டையையும் அசல் கிராண்டையும் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது. “உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், என்னிடம் பி.ஏ. இருக்கிறது” என்று பிரதிநிதி அதிகாரப் பத்திரத்தைக் காட்டுவோரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. தரகரிடமும் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள்.

வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து புது வீடு வாங்குவோருக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தம் சட்டம் வகுத்த படிவத்தில்தான் இருக்க வேண்டும். ஒப்பந்தத்திற்கு முன்னரே “புக்கிங்” பணம் வாங்குவதற்கு விதிகளில் இடமில்லை. அவ்வாறு வாங்கியிருந்தால், தாமதத்திற்கான இழப்பீட்டை அப்பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளை விசாரிக்க வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வழக்கறிஞர் இன்றியே அங்கு முறையிடலாம்.

விற்பவருக்கும் கடமை உண்டு. விற்று வந்த ஆதாயத்திற்கு வரி விதிக்கப்படும்: வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் நூற்றுக்கு 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு இவ்வரி இல்லை. இது 2022-இல் வந்த சலுகை.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் சிக்கல் வேறொன்று. தந்தை இறந்துவிடுகிறார், கிராண்ட் அவர் பெயரிலேயே கிடக்கிறது, மூத்த மகன் வீட்டுக்கு விலை பேசுகிறார். மூத்தவர் என்பதால் மட்டும் அவருக்கு விற்கும் உரிமை வந்துவிடாது. உயில் இல்லாமல் இறந்த இந்துக்கள் போன்ற முஸ்லிம் அல்லாதாரின் சொத்து, 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரிக்கப்படும். இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையெனில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. மணமாகிச் சென்ற மகளுக்கும் இதில் சம பங்கு உண்டு. பெற்றோர் இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கும், மனைவிக்குக் கால் பங்கும், பிள்ளைகளுக்குப் பாதியும் சேரும். முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டப்படி பங்கீடு நடைபெறும். இத்தகைய வீட்டை வாங்க எண்ணுவோர், வாரிசுகள் சிறு சொத்துப் பகிர்வுக்காக நில அலுவலகத்தில் மனுச் செய்து, பகிர்வு உத்தரவு பெற்றுவிட்டனரா என்று கேட்க வேண்டும். உத்தரவு கையில் இல்லையெனில், முன்பணமும் கையை விட்டுப் போகலாகாது.