மோட்டார் வண்டியில் வெந்நீர் செல்லும் வழி

வெப்பத்தாற் தொழிற்படும் எந்திரம் அவ்வெப்பத்தாலேயே அழிதலுங் கூடும். மோட்டார் வண்டியின் உருளைகளில் எரியும் பெற்றோலின் சத்தியில் மூன்றிலொரு பங்கிற்குக் குறைந்த பகுதியே வண்டியை ஓட்டுதற்குப் பயன்படுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியைப் புகையும், எந்திரத்துட் சுற்றி ஓடும் நீருமே ஏற்றுக்கொள்ளுகின்றன. அந்நீரின் வழிகளை அறியாது பழைய வண்டியொன்றை விரைவு வண்டியாக மாற்றப் புகுவோர் எய்தும் இடர் யாது? இங்கிலாந்தின் மினிக் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

அலெக் இசிகோனிசு என்பார் வகுத்த மினி 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் எந்திரம் ‘ஏ’ வரிசையைச் சேர்ந்தது. 1951இல் ஒஸ்ரின் ஏ30 வண்டியில் முதன்முதற் பொருத்தப்பெற்று, 1952இல் மொறிஸ் மைனரிலும் இடம்பெற்றது. 1961இல் வந்த மினிக் கூப்பரும் அதன் வழிவந்த கூப்பர் எஸ் வண்டியும் புகழ் ஈட்டின. 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்ரி காளோ ஓட்டப் போட்டியில் மினியே வென்றது. பழைய மினிகளைத் திருத்தி விரைவு கூட்டுவோர் இன்றும் பலர்.

இவ்வெந்திரத்தின் ஒரு முனையிலுள்ள பம்பி, ரேடியேற்றரின் அடியிலிருந்து நீரை இழுத்து உருளைகளைச் சூழச் செலுத்துகின்றது. நீர் அங்கிருந்து மேலேறி எந்திரத் தலையை அடைகின்றது. தலையின் முன்முனையில் தேமோஸ்ரற் என்னும் தன்னியக்க வாயில் உண்டு. நீர் ஏறக்குறைய 82 பாகை சதம அளவை வெப்பநிலையை எய்தும்வரை அது மூடியே இருக்கும். பின்னரே நீரை ரேடியேற்றருக்கு விடும். அவ்வாயில் மூடியிருக்கும்போது நீர் தேங்கி நிற்றலாகாது. ஆதலின் அது பம்பிக்குத் திரும்ப இரு வழிகள் அமைந்துள்ளன. ஒன்று, தலையையும் பம்பியையும் நேரே இணைக்கும் குறுகிய புறவழிக் குழாய். மற்றையது, ஹீற்றர் என வழங்கும் வெப்பமூட்டியின் வழி. இது தலையின் மறுமுனையில், நான்காம் உருளையின் அருகே தொடங்கி, வண்டியினுள்ளே சென்று வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, ரேடியேற்றரின் அடிக்குழாயில் வந்து சேர்கின்றது. பம்பிக்கு மிகத் தூரத்திலுள்ள மூலையிலிருந்து நீரை இழுத்தல் இதன் சிறப்பாகும்.

புறவழிக் குழாய் ஒடுங்கிய இடைவெளியில் அமைந்தது, வெடித்தால் நீர் முழுவதும் ஒழுகிவிடும், மாற்றுதலோ பெருந்தொல்லை. ஆதலால் திருத்துவோர் பலர் அதனை அகற்றித் துளைகளை அடைத்துவிடுவர். பாரத்தைக் குறைக்கும் நோக்குடன் சிலர் ஹீற்றரையும் எடுத்துவிடுவர். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமாயின், தேமோஸ்ரற் திறக்கும்வரை நீருக்குப் போக்கில்லை. வால்வுகளின் அருகே நீர் ஆவியாகும். ஆவியோ உலோகத்தைக் குளிர்விக்க வல்லதன்று. நீரோட்டமின்மையால் வெப்பமானியின் முள் நிகழ்வதை உடனே காட்டாது. அது அமைதியாக நிற்க, தலை வளையும், அல்லது வெடிக்கும். ஹீற்றரை நீக்குவோர் அதன் இரு குழாய் முனைகளையும் நேரே இணைத்துவிடல் நன்று. அதுவும் இயலாதெனின், தேமோஸ்ரற்றின் விளிம்பிற் சிறு துளைகள் இடுதல் வேண்டும்.

ஹீற்றரை வைத்திருப்போரும் அதன் றப்பர்க் குழாய்களை மனம்போனபடி கொண்டுசெல்லலாகாது. மினியில் எந்திரம் குறுக்காக அமைந்துள்ளது. புகைக்குழாயும் காபுறேற்றரும் ஓட்டுநர் பக்கத்துச் சுவரை நோக்கியே நிற்கின்றன. இரு காபுறேற்றர்களும் பெரிய புகைக்குழாயும் புதிதாகப் பொருத்தப்படின் இடம் மேலும் ஒடுங்கும். குழாய் புகைக்குழாயை அணுகாதும், வேகக் கம்பியிலோ அதன் வில்லிலோ உரசாதும் செல்லல் வேண்டும். ஓட்டத்தில் எந்திரம் முன்னும் பின்னும் அசைவதால் குழாயை இழுத்துக் கட்டலாகாது. கூரிய வளைவில் அது மடிந்து நீரைத் தடுக்கும். அவ்விடத்தில் வார்ப்பு வளைவுக் குழாயே தக்கது. தகட்டுச் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்தில் றப்பர் வளையம் இன்றியமையாதது. எண்ணெய் சொட்டுமிடத்தையும் விலக்குக. எண்ணெய் பட்ட றப்பர் வீங்கி இளகும். வழியில் மேடு இருப்பின் அங்கே காற்றுத் தங்கும். ஆதலின் நீர் நிரப்பும்போது ஹீற்றரின் வாயிலைத் திறந்துவைத்தல் வேண்டும்.

குழாயின் உறுதிக்கும் காரணம் உண்டு. மூடப்பட்ட ரேடியேற்றரில் அமுக்கம் கூடக் கொதிநிலையும் கூடும். வளிமண்டல அமுக்கத்தின் இரு மடங்கில் நீர் 120 பாகையிலேயே கொதிக்கும். அந்நிலையில் குழாயொன்று வெடித்தால், அமுக்கம் நீங்கிய நீர் அக்கணமே ஆவியாகப் பொங்கும். ஹீற்றர் வண்டியினுள்ளே இருத்தலால் அது எரிப்பது ஓட்டுநரின் காலையே. ஓராயிரம் மைல் ஓடிய பழங்குழாயைப் புதிய எந்திரத்திற் பூட்டுவோர் இதனை எண்ணுவாராக.

‘வெப்ப நாட்டில் ஹீற்றர் எதற்கு?’ என நம்மவர் வினவுதல் இயல்பே. எனினும் நம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிவந்த மொறிஸ் மைனரிலும் இவ்வெந்திரமே உள்ளது. வெப்பநாடு என்பதே காரணமாகத் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவோர் நம்மிடையே உளர். அதனால் எந்திரம் தக்க சூட்டை எய்தத் தாமதிக்கும். பெற்றோல் நன்கு ஆவியாகாது எண்ணெயிற் கலக்கும். உருளைகள் விரைவில் தேயும். ஹீற்றர் பூட்டிய வண்டியிலோ, ஏற்றத்தில் எந்திரம் மிகச் சூடேறும்போது ஹீற்றரை முற்றாகத் திறந்துவிட்டால் அது இரண்டாவது ரேடியேற்றராக நின்று உதவும்.

ஓர் உறுப்பு தனக்கென ஒரு தொழிலை மட்டும் செய்வதாகத் தோன்றினும், பிறவற்றிற்கும் அது துணைநிற்றல் கூடும். ஆதலின் ஒன்றை அகற்றுமுன், நீர் எங்கிருந்து புறப்பட்டு எவ்வழியே திரும்புகின்றது என்பதைத் தாளில் வரைந்து பார்த்தல் வேண்டும். அச்சிறு படத்தை வரையும் நேரம், வளைந்த தலையைச் செப்பனிடும் நேரத்தினும் மிகக் குறைவே.